கிண்ணம் குடித்த ரசம்

செல்போனைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துப் படத்தைப் பார்த்தார் பெரியவர். வெள்ளித் திருவிருந்துக் கிண்ணம். அகன்ற வாய், மெலிந்த தண்டு, நடுவில் ஒரு குமிழ், கீழே விரிந்த பாதம். "தூபக்கால்தானே தம்பி? இதுக்கா போட்டோ புடிச்சிக்கினு வந்த?" என்றார். சர்ச்சில் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிற பாத்திரம் ஐயா என்றேன். "அதான் சொல்றேன். தூபக்கால வாய அகட்டி, இடுப்ப ஒசத்திப் போட்டா இதுதான்."

செங்கல்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டிய ஊர். அங்கே குயவர் வீடுகள் மூன்று மிச்சம். சக்கரம் சுற்றுவது இவர் வீட்டில் மட்டும். அவர் சொன்னது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. பானை, சட்டி, கலயம், மொந்தை, அகல் என்று நம் ஊர்ச் சக்கரத்தில் பிறப்பவை பெரும்பாலும் வயிற்றால் உட்காருகிற சாமான்கள். தண்டும் பாதமும் வைத்து எழுந்து நிற்பது என்றால் தூபக்கால்தான். ஐரோப்பியச் சாமான் ஒன்றைச் செய்துதரக் கேட்கப் போகிறோம் என்ற நினைப்பில் போனவன் நான். அதன் அண்ணன் அவர் வீட்டுச் சாமி மாடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் புகைந்துகொண்டிருக்கிறான்.

குயவனும் களிமண்ணும் என்று வருஷத்துக்கு நாலு பிரசங்கமாவது கேட்டு வளர்ந்தவன் நான். எரேமியா குயவன் வீட்டுக்கு இறங்கிப் போனார். மண்பாண்டத்துக்குள் பொக்கிஷம் என்று பவுல் எழுதினார். இத்தனை கேட்டும், நற்கருணை மேஜையின் மேல் ஒரு மண்பாண்டத்தைக் கண்டதில்லை, பூந்தொட்டியைத் தவிர. செய்து பார்த்தால்தான் என்ன என்றுதான் மூன்று கிண்ணம் கேட்டேன்.

இப்போது மோட்டார் சக்கரம். கோலால் சுழற்றுகிற பழைய சக்கரம் சுவரில் சாய்ந்து கிடந்தது; அதன் மேல் துண்டு காய்ந்தது. கல் பொறுக்கி, மணல் சேர்த்து மிதித்த ஏரி மண்ணில் ஒரு கட்டியை எடுத்து நடுவில் அறைந்து வைத்தார். தள்ளாடிய கட்டி ஈரக்கை பட்டதும் அடங்கியது. கட்டைவிரல் உள்ளே இறங்க, மற்ற விரல்கள் வெளியே அணைக்க, சுவர் எழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஈரத்துணியை மடித்து விளிம்பில் பிடித்தவர், "வாய் வெக்கிற சாமானா? அப்ப ஒதடு வழுவழுன்னு இருக்கணும்" என்று இன்னொரு சுற்று விட்டார். நூலால் அறுத்துப் பலகையில் வைத்தார். தண்டையும் பாதத்தையும் தனியாக இழுத்தார். ஒரே கட்டியில் இழுத்தால் ஈரத்தண்டு கிண்ணத்தின் கனம் தாங்காமல் உட்கார்ந்துவிடுமாம்.

இரண்டையும் நிழலில் வைத்தார். நகம் பதியும், ஆனால் நசுங்காது என்கிற பதம் வந்தபின் ஒட்டவேண்டிய முகங்களைக் கீறி, சேற்றுக் குழம்பைத் தடவி, சேர்த்து அழுத்தினார். இரண்டிலும் ஈரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று முந்திக்கொண்டு காய்ந்தால் இணைப்பில் விரிசல் விழும். "மூணு கேட்ட பாரு, நல்லதாப் போச்சு. ஒண்ணு போவும்" என்றார். ஒன்று போனது. வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி மண் மெழுகிய சூளையிலிருந்து இரண்டுதான் முழுசாக வெளியே வந்தன. செங்காவி நிறம்; சுண்டினால் கணீரென்றது.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றில் திராட்சை ஜூஸை ஊற்றி எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணம் வெளியே வியர்த்திருக்கிறது. தட்டில் ஊதா நிறத்தில் ஒரு வளையம். ஜூஸின் மட்டமும் இறங்கியிருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் முகர்ந்தால் புளித்த வாடை. கோடையில் பானைத் தண்ணீரைச் சில்லென்று ஆக்குகிற அதே நுண்துளைகள்தான். தண்ணீருக்கு வரம், ரசத்துக்குச் சாபம்.

மண்ணின் இந்தக் குணம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்று ஓர் ஊர். 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கூம்பு அடி கொண்ட சாடிகளின் உடைசல் கிடைத்தது, உறைகிணறுகளும் கிடைத்தன. கரையோரமாக இன்னும் தெற்கே போனால் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடம். கடல் கடந்து மதுவும் எண்ணெயும் வந்த சாடிகள் அங்கே ஏராளம். அந்தச் சாடிகளும் மண்தான். கசியாமல் இருக்க உள்ளே பிசினோ கீலோ பூசி அனுப்பினார்கள். இங்கே வந்து சேர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்திக் கொடுத்ததாகப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்கிறது. சுமந்து வந்தது மண், உதட்டுக்குப் போனது பொன். சர்ச்சுக்கு முன்பே இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது.

ஆதிச் சபைக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. மரம், கண்ணாடி, கொம்பு, மண் என்று கிடைத்ததில் குடித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக விலக்கினார்கள். ஜெர்மன் நாட்டில் ட்ரிபூர் என்ற ஊரில் 895இல் கூடிய சங்கம் மரக்கிண்ணம் கூடாது என்றது. போர்த்துகீசியரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கரைக்கு வந்தபோது, உள்ளே தங்க முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம்தான் என்று முடிவாகிப் பல நூற்றாண்டு ஆகியிருந்தது. கோவளத்தில் ஜான் டி மோண்டி கட்டிய கார்மேல் மாதா கோயில் 1808ஆம் வருஷத்தது. அந்தக் காலத்தில் கிண்ணத்தின் பக்கம் சனங்கள் போகவே முடியாது. அப்பம் மட்டும் மக்களுக்கு, ரசம் குருவுக்கு என்று 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் உறுதி செய்திருந்தது. அந்தக் கடற்கரையின் மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிண்ணம் தூக்கிக் காட்டப்படுவதைப் பார்த்திருக்கின்றன, தொட்டதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்த பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. இந்தியாவில் அதை அகலத் தள்ளியவர் ஒரு தமிழர், அமலோற்பவதாஸ் அடிகள். பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கி நடத்தியவர். இந்திய வழிபாட்டுக்கென்று கேட்ட 12 மாற்றங்களுக்கு 1969 ஏப்ரலில் ரோம் தலையசைத்தது. மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு வைக்கலாம், தாம்பாளத் தட்டு வைக்கலாம், சங்கிலியில் ஆடும் தூபக் கலசத்துக்குப் பதில் பிடி வைத்த சாதாரண தூபக் கிண்ணம் போதும். ஆக, பெரியவரின் தூபக்கால் பீடம் ஏறிவிட்டது. அதன் தம்பி மட்டும் வாசலிலேயே நின்றான்.

முழுக்கவும் நிற்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். அந்தந்த நாட்டில் உயர்வாக மதிக்கப்படும் உறுதியான பொருளில் பாத்திரம் செய்யலாம், ரசம் படுகிற பகுதி மட்டும் உறிஞ்சாததாக இருக்கட்டும் என்று 1970ஆம் வருஷத்துத் திருப்பலி நூல் இடம் கொடுத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சக்கரத்தில் வனைந்து மெருகு பூசிய கிண்ணங்கள் பீடங்களில் பரவலாக ஏறின. 2004 மார்ச் 25 அன்று ரோமிலிருந்து வந்த ஆணை அதை மூடியது. கண்ணாடி வேண்டாம், மண் வேண்டாம், எளிதில் உடைகிற எதுவும் வேண்டாம். செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாகி அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

கிண்ணம் கசிவதை நானே கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த ஆணையைப் பணக்காரத்தனம் என்று ஒதுக்கியிருப்பேன். தட்டில் அந்த ஊதா வளையம் விழுந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ரசம் இரத்தமாகிறது என்று நம்புகிறவர், கடைசிச் சொட்டு வரை தண்ணீர் ஊற்றி அலசிக் குடிப்பவர், சுவருக்குள் ஊறிப்போனதை என்ன செய்வார்? லேவியராகமத்துக்கே இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. பாவநிவாரண பலியின் இறைச்சி வெந்தது மண்பானை என்றால் உடைத்துவிட வேண்டும். செப்புப்பானை என்றால் விளக்கிக் கழுவலாம். அசுத்தமான ஊரும் பிராணி விழுந்த மண்பாண்டத்துக்கும் அதே தீர்ப்புதான். புனிதமோ அசுத்தமோ, மண் உள்ளே வாங்கிக்கொண்டால் திருப்பித் தராது.

இந்தக் கணக்கை நம் ஊர்ச் சாதி லேவியராகமம் படிக்காமலே போட்டு வைத்திருந்தது. பித்தளையைப் புளி போட்டு விளக்கினால் தீட்டுப் போகும், மண்ணில் போகாது. அதனால் எந்த வாய் பட்டதோ அந்தச் சட்டியைத் தூக்கி எறி. டீக்கடையில் பெஞ்சில் உட்காருகிறவருக்குக் கண்ணாடி கிளாஸ்; வெளியே குந்தியிருக்கிறவருக்குக் கொட்டாங்குச்சி, இல்லையென்றால் மண் குவளை. பிறகு தனியாக ஆணியில் தொங்கிய தகர டம்ளர் வந்தது. மண் குவளை என்றால் என் அப்பா தலைமுறைக்கு ஞாபகம் வருவது இதுதான். இன்றைக்கு ஜிஎஸ்டி ரோட்டிலும் ஈசிஆரிலும் காரை ஓரங்கட்டி, தணலில் சுட்ட மண் குவளையில் நுரை பொங்கப் பொங்கத் தந்தூரி டீ குடிக்கிறார்கள். கண்ணாடி கிளாஸ் டீயைவிட விலை கூட. குடித்துவிட்டு எறிகிறார்கள், அன்றுபோலவே. ஏன் எறிகிறோம் என்ற காரணம்தான் மாறியிருக்கிறது.

இப்போது இதையே சர்ச்சுக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் சபை கிண்ணத்தை எல்லோருக்கும் கொடுத்தது. ஒரே கிண்ணம், எத்தனையோ வாய். ஐரோப்பாவில் அது வழிபாட்டு முறை. இங்கே அது வெடிமருந்து. சோழமண்டலக் கரைச் சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கு முன்னே பின்னே என்று வந்தார்கள். தனித்தனிக் கிண்ணம் வைத்துக்கொண்ட இடங்களும் உண்டு. டீக்கடைக்கு வெகு முன்பே இரட்டைக் குவளை கோயிலில் இருந்தது என்று சொன்னால் சபைப் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் நடந்தது அதுதான். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். வேதத்துக்காகவோ விசுவாசப் பிரமாணத்துக்காகவோ யாரும் அப்படி எழுந்து போனதில்லை. போனது ஒரே கிண்ணத்தில் உதடு வைக்க முடியாமல்.

செங்கல்பட்டுப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ இங்கே ஊழியம் செய்த காலத்தில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பண்ணையாட்கள், நிலமில்லாத தலித்துகள். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைதான் மறு வருஷம் அவர்களுக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நில ஆணைக்கு வழி செய்தது. கஞ்சிக்கலயத்தைத் தவிர வீட்டில் வேறு பாத்திரம் இல்லாத அந்தச் சனங்களின் கையில், ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக் கிண்ணம் வந்தது. அவர்களுக்குப் போய் மண் கிண்ணமே எளிமை, அதுவே நம் பண்பாடு என்று யாராவது உபதேசம் செய்திருந்தால் சிரித்திருப்பார்கள். மண்ணில் குடித்துக் குடித்துத்தானே இங்கே வந்து சேர்ந்தார்கள்! கலை ரசனை உள்ளவர்கள் மறந்துபோகிற இடம் இது. நானும் மறந்துதான் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சபையிலும் வெள்ளிக் கிண்ணம்தான். போதகர் கிண்ணத்தை நீட்டுவார், ஒரு மிடறு, வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார், கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்புவார், அடுத்தவர். துணியில் வரிசை வரிசையாக ஊதாக் கறை. முதல் வரிசைக்கு எப்போதும் ஒரு சின்ன அடிபிடி இருக்கும். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தமக்கு முன்னால் யார் குடிக்கிறார் என்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சளி பிடித்திருக்கிறது என்று வரிசை மாறிய ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். சளி பாட்டிக்கா, முன்னால் நின்றவருக்கா என்று அன்று எனக்குப் புரியவில்லை.

பிறகு சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் வந்தன. வட்டத் தட்டில் குழி குழியாக, குழிக்கு ஒன்று. 1890களில் அமெரிக்காவில் காசநோய்ப் பயத்தில் பிறந்த ஏற்பாடு. அதில் ஊற்றுகிற புளிக்காத ரசமும் அங்கிருந்து வந்த பழக்கம்தான். வெல்ச் என்ற பல் மருத்துவர், மது தொடாத மெதடிஸ்ட்காரர், 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் அடைத்துக் காட்டினார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை வந்தது. மறு வருஷமே கொரோனாவும் வந்தது. கோயில்கள் திறந்தபோது தடையை யாரும் நினைக்கவில்லை. எங்கள் சபையில் அவரவர் இடத்தில் அவரவர் கோப்பை, விரல் நுனி அளவு பிளாஸ்டிக். குடித்து முடித்ததும் வாசலில் வைத்த அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனோம். கிருமிக்குப் பயந்த ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்தவர் வாய் பட்டதில் வாய் வைக்க வேண்டாம் என்பதில் பலர் முகத்தில் தெரிந்த நிம்மதிக்கு வயது கொரோனாவைவிட அதிகம்.

இதை நேரடியாகப் பேசியவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று ஊருக்குத் தெரிந்தவர். 2005இல் காலமானார். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தவர். அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது கிண்ணம் இல்லை, உலை. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது. 'ஒரே ஒலை' என்று பேச்சு வழக்கிலேயே சொல்வார். கிண்ணம் வெள்ளியா மண்ணா என்ற கேள்வியையே அவர் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்பதுதான் அவர் கேட்டது.

மண் கிண்ணம் கசியாமல் இருக்க வழி இல்லாமல் இல்லை. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். கல்போல இறுகச் சுடுகிற ஸ்டோன்வேர் இந்தக் கரையில் வேர் பிடித்தது அப்படித்தான். பெரியவரின் சூளை ஆயிரம் டிகிரியை எட்டாது. ஸ்டோன்வேர் 1,200 டிகிரிக்கு மேல் வேகும்; மண் உருகி இறுகித் துளைகள் அடைபட்டுவிடும். மேலே மெருகும் கண்ணாடியாக உருகி ஒட்டும். ரசம் உள்ளே போகாது. குறைந்த சூட்டில் ஈயம் கலந்த மெருகு பூசி மினுக்குகிற சாமான்தான் ஆபத்து. திராட்சையின் புளிப்பு அந்த ஈயத்தைக் கரைத்து எடுக்கும். மண்ணில் திருவிருந்து வேண்டும் என்று கேட்கிற சபையார் விலைக்கு முன்னால் மெருகில் என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது.

ஆனால் 1,200 டிகிரி சூளை பெரியவரிடம் இல்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் குயவர் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகிறார்கள். மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார்கள், கையில் ஒரு சின்ன அகலோடு திரும்புகிறார்கள். பெரியவர் வீட்டு வாசலில் வேன் எதுவும் நிற்பதில்லை. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல், நடுவில் பிரியாணிக் கடைக்குச் சட்டி. மண்ணுக்குத்தான் பெரிய அலைச்சல். ஏரியில் மாட்டு வண்டி நிறைய அள்ளி வந்த காலம் போய், ஒரு நடைக்கு எத்தனை அலுவலகம் என்றாகியிருந்தது. 2024இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரலாம், மண்ணுக்குக் காசு வேண்டாம் என்று அரசு தளர்த்தியது. "நல்லதுதான். ஆனா மண்ண மிதிக்கத்தான் ஆளு இல்ல" என்றார். மகன் மறைமலை நகரில் கம்பெனி வேலை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கிண்ணம் கசிந்த கதையைச் சொன்னேன். சிரித்தார். "மண்ணுன்னா குடிக்கும் தம்பி. அதுக்கும் தாகம்." எத்தனை பேர் ஒரே கிண்ணத்தில் குடிப்பீர்கள் என்று கேட்டார். முன்பு எல்லோரும், இப்போது தனித்தனி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எல்லா சாதியுமா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் நான் நினைத்த அளவுக்குச் சத்தமாக வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பேசிக்கொண்டே சாமி மாடத்துப் பக்கம் போனார். சூளையில் போன மூன்றாவது கிண்ணம் அங்கே இருந்தது. விரிசல் விழுந்த இணைப்பில் சேறு வைத்து அடைத்திருந்தார். அடுப்பிலிருந்து இரண்டு தணலை இடுக்கியில் எடுத்து அதில் போட்டு, சாம்பிராணியைத் தூவினார்.